சிற்றாற்றங்கரையில் சொன்ன சாட்சி

மரப்பெஞ்சின் ஓரத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

காலை பத்தரை மணி இருக்கும். தென்காசியில் நான் வேலை பார்த்த கண் மருத்துவமனையில் அன்று நல்ல கூட்டம். அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்காகப் பார்வை சோதிக்கிற அறையின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். வரிசையில் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ அவர் இருந்தார். வெள்ளை வேட்டி, கட்டம் போட்ட சட்டை, தோளில் துண்டு. கையிலிருந்த சீட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோவதும் தூர நீட்டுவதுமாக இருந்தார். அதில் எழுதியிருந்த எண் அவருக்குத் தெரியவில்லை.

பதினோரு வருடமாக என்னோடு பேசாத அண்ணன்.

நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

கண் முகாம்களைப் பற்றியும், கண்புரைக் கட்டை அவிழ்த்ததும் சண்டை போட்ட ஆச்சிகளைப் பற்றியும் இந்தப் பத்திரிகைப் பக்கங்களில் சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டு வந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “அம்மா, நீங்கள் இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த சாட்சியை எப்போது எழுதுவீர்கள்?”

அதை எழுதுவதென்றால் இந்தப் பெஞ்சிலிருந்துதான் எழுத வேண்டும். வேறு வழி உண்டா என்று இரண்டு வாரம் யோசித்தேன். இல்லை.

வடகரை வீடு

எனக்கு வீட்டில் வைத்த பெயர் பேச்சியம்மாள். லிதியாள் என்பது பிறகு, ஞானஸ்நானத்தில் வந்தது. ஊர் வடகரை. கொஞ்சம் வயல், பதினேழு தென்னை. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அப்போது அண்ணன் சுடலைமுத்துவுக்கு இருபத்துமூன்று வயது. வயலையும் என்னையும் அம்மாவையும் அவர்தான் எடுத்துக்கொண்டார்.

கண் பரிசோதகர் படிப்பு என்று ஒன்று இருப்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அண்ணன் எங்கேயோ கேட்டுவந்தார். “ஊசி கெடையாது, ரத்தம் கெடையாது. எழுத்தக் காட்டி வாசிக்கச் சொல்லணும், அம்புட்டுத்தான். நீ படிட்டி” என்றார்.

தினமும் விடியற்காலை என்னைச் சைக்கிளில் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து விடுவார். சாரல் காலத்தில் பின்னால் உட்கார்ந்து நான் குடை பிடிப்பேன். குடை எனக்கு மட்டும்தான் காணும். அவர் முதுகு முழுக்க நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். பஸ் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருப்பார்.

முதன்முதலாக எழுத்துப் பலகையை வைத்து நான் சோதித்த கண்கள் அண்ணனுடையவை. பயிற்சிக்காக ஒரு அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டேன். கடைசி வரி வரை கடகடவென்று வாசித்துவிட்டு, “இதுக்குக் கீழ எழுத்து இல்லையா?” என்று கேட்டார்.

ரஞ்சிதம் அக்கா

வேலை கிடைத்தது. சுரண்டையில் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர், இன்றைக்கும் நல்ல மனிதர். ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாவது மாதத்தில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் யாரும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். தொட்டிலை அவிழ்த்து எங்கேயோ கொண்டு போய்விட்டார்கள். அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எனக்குப் பகலிலும் கண்முன் மங்கலாகவே இருந்தது. எழுத்துப் பலகையில் நோயாளி எந்த எழுத்தைச் சொல்கிறார் என்பதே பிடிபடாது.

எங்கள் மருத்துவமனையில் ரஞ்சிதம் என்று ஒரு மூத்த நர்ஸ் இருந்தார். சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் வந்து உட்காருவார். ஒருநாள், “பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிருந்துச்சா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. “கீழ ரெண்டு” என்றேன். சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் அழுதேன். அவர் என் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டுவிட்டு மெதுவாக ஜெபித்தார். அந்த ஜெபத்தில் என் மகளின் பெயர் இருந்தது.

அவர் போகிற சபைக்கு நானும் போக ஆரம்பித்தேன். சின்னச் சபை, தகரக் கூரை. அங்கே எனக்குக் கிடைத்தது பொய் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு காலையில் எழுந்தபோது முருங்கை மரத்தில் பூ இருப்பது கண்ணில் பட்டது. அது எப்போதோ பூத்திருந்தது. நான்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

“ஒனக்கு நிம்மதி கிடைச்சா சரி” என்றார் என் வீட்டுக்காரர். அம்மா அழுதாள். அண்ணன் “எப்பம்?” என்று மட்டும் கேட்டார். ஞானஸ்நானம் எந்த நாள் என்று சொன்னேன்.

ஆற்றங்கரை

சிற்றாற்றில் அன்று இடுப்பளவு தண்ணீர். குற்றாலத்தில் விழுந்து வருகிற தண்ணீர் என்பதால் சில்லென்று இருந்தது. நாங்கள் நான்கு பேர் முழுக்கு எடுத்தோம். கரையில் ஷாமியானா போட்டு, மைக்செட் வைத்திருந்தார்கள். ஈரத் தலையோடு ஒவ்வொருவராக, ஆண்டவரிடம் வந்த கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் நன்றாகப் பேசினார்கள். ஜனங்கள் அழுதார்கள். நானும் நன்றாகப் பேச வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த ஆசையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நான் சொன்னது இதுதான்: “நான் ஒரு இருட்டு வீட்டில் பிறந்தேன். அந்த வீட்டில் வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. என் குழந்தை செத்தபோது ஆறுதல் சொல்லக்கூட அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆண்டவர் என் கண்களைத் திறந்தார். ஆனால் என் கூடப்பிறந்த அண்ணன் இன்னும் குருடனாகவே இருக்கிறான். அவனுக்காக ஜெபியுங்கள்.”

‘இருக்கிறான்’ என்று சொன்னேன். வாழ்நாளில் அண்ணனை நான் அப்படிச் சொன்னதில்லை. மேடைப் பேச்சு அப்படி இழுத்துக்கொண்டு போனது.

எல்லாரும் “ஆமென்” என்றார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஷாமியானாவுக்கு வெளியே, மருத மரத்தடியில், பைக்கை நிறுத்திவிட்டு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பைக்கின் கைப்பிடியில் ஒரு துணிக்கடைப் பை தொங்கியது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பின் பேச்சு இல்லை. அம்மா இறந்தபோது மதினிதான் போன் செய்தாள். போனேன். பெண்கள் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. சத்தியத்துக்காக உறவை இழந்தவள் என்று சபையில் என்னைப் பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பெருமையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுபடியும் அந்தக் கதவு

அப்படிப் பதினோரு வருடம் கழிந்த பிறகுதான் அவர் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்.

கதவைச் சாத்திவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். சந்தோஷமும் இருந்தது, மறைக்க வேண்டாம். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார். தென்காசியில் வேறு கண் ஆஸ்பத்திரியா இல்லை? ஆனால் அடுத்த நிமிஷம் மனம் இறுகிக்கொண்டது. அவர் கூப்பிடட்டும். “பேச்சி” என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரட்டும். பதினோரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர்தானே.

கூட வேலை பார்த்த சுமதியிடம், “கொஞ்சம் வரிசையப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கியிருக்கிற பின்னறைக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை. சட்டங்களைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். யாராவது வந்து, “அக்கா, ஒங்களத் தேடி ஒருத்தர் வந்திருக்காவ” என்று சொல்வார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம். யாரும் வரவில்லை. வெளியே வந்தபோது அவர் இருந்த இடத்தில் வேறொருவர்.

“அந்தக் கட்டம் போட்ட சட்டை அண்ணாச்சி எங்கட்டி?” என்று சுமதியிடம் கேட்டேன்.

“மருந்து ஊத்துனா ரெண்டு மணி நேரம் கண்ணு கூசும், துணைக்கு ஆள் இருக்கான்னு கேட்டேங்க்கா. இல்லேன்னாவ. பொறவு வாரேன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ.”

அவருடைய சீட்டு மேஜையிலேயே கிடந்தது. எடுத்து, சுமதி அதில் எழுதியிருந்ததை வாசித்தேன். சர்க்கரை பல வருடமாக. இரண்டு மாதமாகப் பார்வையில் கறுப்பாக நூல் நூலாக மிதக்கிறது. வலது கண் பாதிதான் தெரிகிறது.

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். கண்ணுக்குள் பின்பக்கத் திரையில் ரத்தம் கசிகிறது. உடனே பார்த்து லேசர் வைத்தால் மிச்சப் பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம். தள்ளிப்போட்டால் போய்விடும். யாரென்றே தெரியாத நோயாளிகளை பஸ் நிறுத்தம் வரை ஓடிப்போய் நான் கூட்டிவந்திருக்கிறேன்.

மணி பதினொன்றரை. அண்ணன் ஊருக்குப் போகிற பண்பொழி பஸ் வர இன்னும் கால் மணி இருந்தது. பஸ் நிறுத்தம் நடந்து போகிற தூரம். மதினியின் போன் எண்ணும் என்னிடம் இருந்தது.

நான் போகவில்லை. போன் பண்ணவும் இல்லை. சீட்டைக் கட்டோடு சேர்த்து வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், “என் அண்ணனின் மனக்கண் திறக்கும்படி ஜெபியுங்கள்” என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். நானும்தான்.

மதினியின் போன்

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. அண்ணன் மனைவி சண்முகத்தாய். எடுத்ததும் அவள் அழுகை கேட்டது.

“ஒங்க அண்ணனுக்கு ரெண்டு கண்ணும் போச்சு பேச்சி. திருநவேலி போயாச்சு, மதுரை போயாச்சு. முன்னயே வந்திருந்தா பாத்திருக்கலாம்னு சொல்லுதாவ.”

வடகரைக்குப் போனேன். அண்ணன் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். பத்து வருடம் கூடுதலாக முதிர்ந்திருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றியதுமே தலையைச் சாய்த்தார்.

“யாரு, பேச்சியா?”

“ஆமாண்ணே.”

“வா. சாப்பிட்டியா?”

அவ்வளவுதான். பதிமூன்று வருடம் கழித்து அண்ணன் என்னிடம் பேசினார்.

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு மைக்குல சொன்னே. இப்பந்தான் நெசமாயிருக்கு.”

குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை. அப்படி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுப்படியில் மதினி இன்னொன்றும் சொன்னாள். அன்று பைக்கில் தொங்கிய பையில் எனக்கு ஒரு சேலை இருந்திருக்கிறது. முழுக்கு எடுத்ததும் வெள்ளை உடுத்துவார்கள் என்று யாரோ சொல்ல, செங்கோட்டைக் கடையில் அலைந்து வாங்கியிருக்கிறார். வெள்ளையில் மெல்லிய நீலக்கரை. பிறந்த வீட்டிலிருந்து ஒன்றும் இல்லாமல் தங்கச்சி ஈரச் சேலையோடு நிற்கக்கூடாது என்றாராம். அது இன்னும் பீரோவில் இருந்தது. மதினி எடுத்துக் காட்டினாள். மடிப்புகள் பழுத்திருந்தன.

அன்றே அவர் காலைப் பிடித்து அந்தப் பெஞ்சைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். வாரம் தவறாமல் போனேன். கம்பு ஊன்றி நடக்கப் பழக்கினேன், மாத்திரைகளைத் தொட்டுப் பார்த்து அடையாளம் காணப் பழக்கினேன். தெருக்காரர்கள், “தங்கச்சின்னா இப்படில்லா இருக்கணும்” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் கல் ஒன்று கூடிற்று.

சுரண்டைப் பக்கம் ஒரு கூட்டம்

அந்த வருடம் சுரண்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் மூன்று நாள் கூட்டம் நடத்தினார். சபையில் எல்லாரும் அண்ணனைக் கூட்டிவரச் சொன்னார்கள். எனக்குக் கண்ணைப் பற்றித் தெரியும். செத்த திரை செத்ததுதான். ஆனாலும் அற்புதம் ஒன்று நடந்துவிட்டால் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காதே என்று ஒரு திருட்டு நினைப்பு உள்ளே ஓடியது.

கேட்டேன். அண்ணன் உடனே, “வாரேன்” என்றார்.

மேடையில் ஏற்றினார்கள். ஊழியக்காரர் அவர் கண்களின் மேல் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். பிறகு கையை எடுத்து, “என்ன தெரிகிறது?” என்று மைக்கை நீட்டினார்.

“ஒண்ணும் தெரியலையே சாமி” என்றார் அண்ணன்.

மறுபடி ஜெபம். மறுபடியும் அதே பதில். ஊழியக்காரரின் குரல் மாறியது. “இங்கே ஏதோ ஒரு மறைவான பாவம் தடையாக நிற்கிறது. இந்த மனிதர் அதை அறிக்கை செய்யட்டும்” என்றார்.

அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் என் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தப்பு செய்தவர் போல நின்றார். யோசித்து யோசித்துப் பார்க்கிறார் என்று முகத்தில் தெரிந்தது, தான் என்ன பாவம் செய்தோம் என்று. மேடைக்குக் கீழே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டோவில் திரும்பும்போது, “வருத்தப்படாத. நீ கேட்டியேன்னுதான் வந்தேன்” என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார்.

சாரல்

ஆனி கடைசியில் நல்ல சாரல் விழுந்தது. “குளிக்கணும் போல இருக்கு. கூட்டிட்டுப் போறியா?” என்று அண்ணன் கேட்டார். குற்றாலத்துக்குப் போனோம். மதினிக்கு முழங்கால் வலி, வரவில்லை.

மெயினருவியில் ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். அங்கே போய் நின்ற பிறகுதான் அவரை நான் உள்ளே கூட்டிப் போக முடியாது என்பதே உறைத்தது. விழித்துக்கொண்டு நின்றேன். ஈர உடம்போடு வந்த மலையாளத்துக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, “ஞான் பிடிச்சோளாம் சேச்சி” என்று அண்ணன் கையை வாங்கிக்கொண்டார். கம்பியைப் பிடித்துப் பிடித்து இரண்டு பேரும் தண்ணீருக்குள் போனார்கள். யாரோ ஒருவர் என் அண்ணனை இவ்வளவு பத்திரமாகக் கூட்டிப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

குளித்து வந்தவரை ஒரு படிக்கட்டில் உட்கார வைத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கையில் கொடுத்தேன். தின்று முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். நீங்க ஒரு நாள் எங்க ஆஸ்பத்திரிக்கு வந்திய.”

அவர் விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“நான் ஒங்களப் பாத்தேன். பாத்துட்டு உள்ள போயிட்டேன். நீங்க போன பொறவு சீட்ட வாசிச்சேன். கண்ணு போயிரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வரல. போனும் போடல.”

அருவிச் சத்தத்தில் கேட்டதா இல்லையா என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்தேன்.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீ கதவச் சாத்துனது. அப்பம் எனக்குப் புகையாத்தான் தெரிஞ்சுது. ஆனா ஒன் நெழலு தெரியாதா எனக்கு?”

“பின்ன ஏண்ணே ஒரு சத்தம் குடுக்கல?”

“நீ கூப்பிடுவேன்னு இருந்தேன்.”

“நானும் நீங்க கூப்பிடுவியன்னு இருந்தேன்.”

ஒரு குடும்பம் எங்களைத் தாண்டி ஈரம் சொட்டச் சொட்டப் படியேறிப் போனது.

“ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு பேச்சி” என்றார். “நீ எந்தச் சாமியக் கும்பிட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல. பாப்பா போன பொறவு ஒனக்கு எப்படிப் பேச்சுக் குடுக்கணும்னு எனக்குத் தெரியல. அது என் தப்புத்தான். ஆனா அம்மா ஒருநா விடாம வெளக்கு ஏத்துனா. ஒன் புள்ள பேரையும் சொல்லித்தான் ஏத்துனா. அந்த வீட்ட இருட்டுன்னு சொல்ல ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அம்மா விளக்கேற்றும்போது முணுமுணுப்பாள். என்ன முணுமுணுத்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் குழந்தையின் பெயரைச் சொல்ல ஆளில்லை என்று நான் நினைத்திருந்த அந்த வருடம் முழுக்க, ஒரு வீட்டில் தினமும் அது சொல்லப்பட்டிருக்கிறது.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னியுங்கள் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. “தலையத் தொவட்டு. தண்ணி எறங்குது” என்றார். துண்டை வாங்கி அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.

சாட்சி கேட்ட வாசகிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் ஆராதனைக்குப் போவதை நிறுத்தவில்லை. சிற்றாற்றில் எடுத்த முழுக்கு பொய்யில்லை. ஆனால் அன்று எனக்குக் கிடைத்த வெளிச்சத்தை வைத்து நான் அடுத்தவர் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் திருப்பிப் பார்க்க இத்தனை வருடம் ஆனது. அதற்குள் ஒருவருடைய இரண்டு கண்கள் போய்விட்டன. இதுதான் என் சாட்சி. இதைச் சபையிலும் சொன்னேன். அன்று யாரும் “ஆமென்” சொல்லவில்லை.

முன்னால இருக்க கண்ணாடி

அதற்குப் பிறகு அண்ணன் இரண்டு வருடம் இருந்தார். சர்க்கரை சிறுநீரகத்தையும் பிடித்திருந்தது. ஒருநாள் கேட்டார்:

“என் கண்ணு முழுசாவே செத்துப்போச்சா?”

“இல்லண்ணே. முன்னால இருக்க கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. பின்னால இருக்க திரைதான் போச்சு.”

நாலைந்து நாள் கழித்துப் போனபோது, “அந்தக் கண்ணாடிய இன்னொருத்தருக்கு வைக்கலாமா?” என்றார்.

“வைக்கலாம். நம்ம காலத்துக்குப் பொறவு.”

“அப்பம் எழுதிக்கோ. ஒங்க மதினிகிட்ட இப்பம் சொல்லாத, அழுவா.”

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், அவர் இறந்துபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தேன். தலைக்குக் கீழே இரண்டு தலையணை கொடுத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். பெரியவர் ஒருவர், “என்ன செய்யுதா அவ?” என்று கேட்டார். சொன்னேன். “வேதக்காரி வேலையப் பாத்தியளா” என்று அவர் எழுந்தார். முன்னறையில் சலசலப்பு.

மதினி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“அவியளே சொன்னாவளா?”

“சொன்னாவ மதினி.”

“கண்ண எடுத்துட்டா, அங்கன போயி எப்படிப் பாப்பாவ?”

மறுமையைப் பற்றி என்னிடம் எத்தனையோ பதில்கள் இருந்தன. கண் தானம் கேட்டு முகாமுக்கு முகாம், வீட்டுக்கு வீடு சொன்ன பதில்கள்.

“தெரியல மதினி” என்றேன்.

அவள் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “வரச் சொல்லு. நீ கூட நில்லு.”

வந்தார்கள். கண் வங்கி ஆட்களுக்கு இருபது நிமிஷ வேலை. நான் கூட நின்றேன். முடித்து இமையை மூடியபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை. மதினி வந்து புருவத்தைத் தடவிப் பார்த்தாள். “தூங்குத மாதிரிதான் இருக்காவ” என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கண் வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு கருவிழிகளும் நல்ல நிலையில் இருந்தனவாம். அன்று காலை இரண்டு பேருக்கு வைத்திருக்கிறார்கள். மதினிக்குப் போன் செய்து சொன்னேன்.

“ஆம்பளையா, பொம்பளையா?”

“அதெல்லாம் சொல்லமாட்டாவ மதினி.”

“கட்டு அவுத்திருப்பாவளா?” என்று கேட்டாள்.

“நாளைக்குக் காலையில அவுப்பாவ.”

“சரி” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஜெபத்துக்கு முழங்காலிட்டேன். சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மதினிதான்.

“இந்நேரம் அவுத்திருப்பாவ, இல்ல?”

ஜன்னல் பக்கம் பார்த்தேன். நன்றாக விடிந்திருந்தது.

“அவுத்திருப்பாவ மதினி” என்றேன்.